உஷார்! உங்கள் பாஸ்வேர்டு பக்கத்து பெஞ்சுக்குத் தெரியும்

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளே, ஒரு நிமிடம் போனைக் கீழே வையுங்கள். உங்கள் கல்லூரி லாகினுக்கு என்ன பாஸ்வேர்டு என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

பிறந்த தேதியா?

பெயரோடு 123-ஆ?

சேர்ந்த முதல் நாள் லேப்பில் கொடுத்தார்களே, அதையேதான் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

மூன்றில் எதற்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் இன்று ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் அதை மாற்றிவிடுங்கள். ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர், ஊர், கல்லூரி எதையும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப் பெண் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

இன்ஜினியரிங் கடைசி வருஷம். அப்பாவுக்குத் தறி வேலை. அந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கப்போவது அவள்தான். முதல் வருஷம் லேப்புக்குப் போன அன்று போர்டில் எழுதிப் போட்டார்களாம்: யூசர் ஐ.டி. உங்கள் ரெஜிஸ்டர் நம்பர், பாஸ்வேர்டு உங்கள் பிறந்த தேதி, எட்டு இலக்கம். “வீட்டுக்குப் போய் மாத்திக்கோங்க” என்று வாய்வார்த்தையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். அறுபது பேரில் எத்தனை பேர் மாற்றியிருப்பார்கள்? இவள் மாற்றவில்லை. மறந்துவிடுவோமோ என்ற பயம்.

ரெஜிஸ்டர் நம்பர் ரகசியமா? மார்க் லிஸ்ட் ஒட்டும்போதெல்லாம் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. பிறந்த தேதி ரகசியமா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேக் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். பத்தாததற்கு, இரண்டாம் வருஷம் டூர் போகும்போது ரயில் டிக்கெட்டுக்காக எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் ஒரே ஷீட்டாக வகுப்பு குரூப்பில் வந்தது. யாரும் அழிக்கவில்லை. அந்த குரூப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனால் இன்றைக்கும் கிடைக்கும்.

பிப்ரவரி மாதம், ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய நாள். காலையில் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர் காலி. குப்பைத் தொட்டியும் காலி. வேண்டுமென்றே யாரோ இரண்டு இடத்திலும் துடைத்திருக்கிறார்கள். அழுதுகொண்டே டிபார்ட்மென்டுக்கு ஓடினால் அங்கே வேறொரு இடி காத்திருந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்தக் கம்பெனிக்கு அவளுடைய கல்லூரி மெயிலிலிருந்தே ஒரு கடிதம் போயிருக்கிறது. ‘வேறு திட்டம் இருக்கிறது, இந்த வேலையில் சேர விருப்பமில்லை’ என்று. நேரம், ராத்திரி 1.40. அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து முன்னால் நீட்டி, “நீயேதானம்மா அனுப்பியிருக்கே?” என்று கேட்டார்களாம்.

என்ன சொல்வாள்? “நான் அனுப்பலை சார்” என்றாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றார்கள்.

உள்ளே போனது சரியான பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது அவள்தான்.

இந்த ஒரு வரியை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பணம் திருடினால் திருட்டு என்று தெரியும். பூட்டை உடைத்தால் உடைந்த பூட்டு கிடக்கும். இங்கே எதுவும் உடையவில்லை. நீங்கள் செய்யாததை நீங்கள் செய்ததாக உங்கள் பெயரிலேயே பதிவாகிவிடுகிறது. இல்லை என்று நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில் விழுகிறது.

அவள் அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். அதோடு விட்டதா? இல்லை. இரண்டு வாரம் கழித்து, அவளுக்கு மட்டும் வந்த மெயிலில் இருந்த விஷயம் வகுப்பில் பேச்சாக அடிபட்டது. லேப்பில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன்தான் உட்கார்ந்து செட்டிங்ஸைத் துழாவிக் கண்டுபிடித்தார். அவளுக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் ஒரு நகலாக வேறு ஒரு முகவரிக்குப் போகும்படி யாரோ அமைத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை நூறு தடவை மாற்றினாலும் அந்தக் குழாய் அடைபடாது. நகல் போன முகவரியைப் பிடித்து விசாரித்தபோதுதான் ஆள் தெரிந்தது.

வெளிநாட்டு ஹேக்கர் இல்லை. இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்த பிள்ளை.

கம்பெனி அவள் இடத்தை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

நாம் எல்லோரும் எங்கோ ரஷ்யாவில், சீனாவில் இருட்டறையில் ஒருவன் உட்கார்ந்து தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ‘எங்கிட்ட என்ன இருக்கு திருட?’ என்கிறோம். பாஸ்வேர்டு திருட்டின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள், மாணவர்கள்தான் முதல் வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்தினார்கள். அவரவர் கோப்பைப் பிரித்துவைக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார், அந்த ஏற்பாட்டை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு நேரம் போதவில்லை. 1962-இல் பாஸ்வேர்டு இருந்த கோப்பையே பிரின்ட் எடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்து, எல்லோருடையதையும் அள்ளிக்கொண்டார். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு திருட்டில் நமக்குத் தெரிந்த முதல் சம்பவங்களில் அது ஒன்று. எடுத்தவர் மாணவர். எடுத்தது கூடவே வேலை பார்த்தவர்களிடம்.

1988 நவம்பரில் இன்டர்நெட்டின் ஒரு பகுதியை முடக்கிப்போட்ட ‘மோரிஸ் வோர்ம்’ என்ற நிரலை எழுதியவரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்தான். அது கம்ப்யூட்டருக்குள் நுழைய வைத்திருந்த வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? யூசர் பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கும். பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். பிறகு கையோடு கொண்டுவந்த 432 சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். வெறும் 432. அதிலேயே பலருடைய கணக்கு திறந்துகொண்டது.

அதற்கும் முன்னால், 1979-இல், பெல் லேப்ஸைச் சேர்ந்த இரண்டு பேர் 3,289 பாஸ்வேர்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 86 சதவீதம் சுலபமாக ஊகிக்கக்கூடியவை. பதினைந்து பேர் ஒரே ஒரு எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். சரி, அது அந்தக் காலம். முப்பது வருஷம் கழித்து 2009-இல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே கொட்டின. அதில் சுமார் 2,90,000 பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றைக்கும் திருடர்கள் கையில் இருக்கிறது. முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் பிறந்த தேதிக்கு வருகிறேன். எட்டு இலக்கம் இருக்கிறதே, பத்துக் கோடி வகை வருமே என்று தோன்றும். வராது. ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷ இடைவெளிக்குள் பிறந்தவர்கள். அப்படியானால் மொத்தமே 731 தேதி. உங்களைத் தெரியாதவன்கூட 731 தடவை முயன்றால் போதும். உங்களைத் தெரிந்தவனுக்கு ஒரே தடவை.

அந்த வீட்டுக் கதையைக் கேட்ட அன்றே என் மகளைக் கூப்பிட்டேன். “உன் பாஸ்வேர்டு என்னடி?” என்றேன். சொல்ல மாட்டேன் என்றாள். நல்ல பிள்ளை, சொல்லக்கூடாதுதான். “சரி, சொல்லாதே. நம்ம நாய் பெயர் அதில் இருக்கா?” என்றேன். முகம் மாறியது. “வண்டி நம்பரும் இருக்கா?” தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற எனக்கு இரண்டு கேள்வியில் தெரிந்தது, அவள் ரூம்மேட்டுக்குத் தெரிய எத்தனை கேள்வி ஆகும்?

நடிகர் பெயர், அம்மா பெயர், குலதெய்வம், பள்ளிக்கூடம், காதலிக்கிற பிள்ளையின் முதலெழுத்து. இதெல்லாம் உங்கள் மனசுக்கு நெருக்கமானது. உங்களுக்கு நெருக்கமானது எதுவோ, அது உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும். ‘ஏ’ வரும் இடத்தில் ‘அட்’ குறியும், ‘எஸ்’ வரும் இடத்தில் டாலர் குறியும் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பாஸ்வேர்டு உடைக்கிற மென்பொருளுக்கு அந்த மாற்றமெல்லாம் மனப்பாடம்.

‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று ஒரு கேள்வி கேட்குமே, அதிலும் கவனம் வேண்டும். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினுடைய யாஹூ மெயிலுக்குள் டென்னசியில் படித்த இருபது வயது மாணவன் ஒருவன் நுழைந்தான். பாஸ்வேர்டை அவன் உடைக்கவே இல்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள். இந்தக் கேள்விகளுக்கு விடையை இணையத்தில் தேடியே எடுத்துவிட்டான். ஒரு வருஷம் ஒரு நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. நீங்கள் ‘படித்த பள்ளி எது?’ என்ற கேள்வியைத் தேர்ந்தெடுத்து உண்மையான பதிலைக் கொடுத்திருந்தால், உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கமே அந்த விடையைச் சொல்லிவிடும். அங்கே உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு பதிலைக் கொடுத்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் போடுகிற பழக்கம். ஏதோ ஒரு கேம், ஒரு டெஸ்ட் சீரிஸ் ஆப், பழைய ஷாப்பிங் தளம். அங்கே எப்போதோ கொடுத்த மெயிலும் பாஸ்வேர்டும் கசிந்துவிட்டால், அதே ஜோடியை மற்ற தளங்களில் தானாகவே போட்டுப் பார்க்கிற இயந்திரங்கள் இருக்கின்றன. மெயில் திறந்தால் எல்லாம் போச்சு. நுழைவுத் தேர்வு விண்ணப்பம் போலப் பலவற்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்கோ, ஓ.டி.பி.யோ அந்த மெயிலுக்கு வருகிறது.

மெயில் பாஸ்வேர்டு வேறு எங்கேயும் இருக்கவே கூடாது.

டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளம் இருக்கிறது. அதில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால், இதுவரை தெரிய வந்த கசிவுகளில் அது இருக்கிறதா என்று காட்டும். காசு கிடையாது. இன்றே பாருங்கள்.

பிரவுசிங் சென்டரில், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஹால் டிக்கெட் எடுக்கிறீர்களே, அங்கே என் அடிவயிறு இன்னும் பதறுகிறது. கூட்டமாக இருக்கும். “பாஸ்வேர்டு சொல்லுப்பா, நானே போடுறேன்” என்பார் கடைக்காரர். நீங்களும் நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்வீர்கள். அவர் ஒரு நோட்டில் விண்ணப்ப எண்ணோடு எழுதியும் வைத்துக்கொள்வார். கெட்ட எண்ணம் இருக்காது. அடுத்த தடவை நீங்கள் மறந்துவிட்டு வருவீர்கள் என்றுதான் எழுதுகிறார். ஆனால் அந்த நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. கலந்தாய்வில் எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று நீங்கள் அடுக்கிய பட்டியல் அந்தப் பாஸ்வேர்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எழுந்து நின்று, “அண்ணா, நானே தட்டிக்கிறேன்” என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஜன்னலை மூடுவது வேறு, லாக் அவுட் செய்வது வேறு. வீட்டுக்கு வந்ததும் உங்கள் போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்கிற மென்பொருள் இருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

‘உங்கள் ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது’, ‘இலவச லேப்டாப் பட்டியலில் உங்கள் பெயர்’, ‘மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே லாகின் செய்யவும்’. இப்படி ஒரு லிங்க் வந்தால் நில்லுங்கள். தட்டினால் உங்கள் கல்லூரிப் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். அதே லோகோ, அதே நிறம். நீங்கள் போடுகிற பாஸ்வேர்டு நேராகத் திருடனுக்குப் போகும். ‘எச்.டி.டி.பி.எஸ்’ என்று தொடங்குவதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அதற்கடுத்த இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வருகிற சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற பெயர்தான் உண்மையான வீடு. முன்னால் அரசாங்கப் பெயர், கல்லூரிப் பெயர் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். புரியவில்லையா? லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். நீங்களாகவே கல்லூரித் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

கீழே சொல்வதில் எது நடந்தாலும் யாரோ உள்ளே வந்திருக்கலாம், அல்லது வர முயன்றுகொண்டிருக்கலாம். நேற்று வேலை செய்த பாஸ்வேர்டு இன்று தப்பு என்கிறது. நீங்கள் கேட்காமலே ஓ.டி.பி. வருகிறது. நீங்கள் திறக்காத மெயில் திறந்த மாதிரி மெலிந்த எழுத்தில் இருக்கிறது. அனுப்பிய மெயில் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத ஒன்று. “ஏன்டி எனக்கு இந்த லிங்க் அனுப்பினே?” என்று தோழி கேட்கிறாள். கணக்கை மீட்கக் கொடுத்த போன் நம்பர் மாறியிருக்கிறது. எதையும் ‘நெட் சரியில்லை போல’ என்று ஒதுக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கும் கேட்காத ஓ.டி.பி. ஒன்று ஜனவரியிலேயே வந்திருக்கிறது. துடைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

நல்ல பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்? நீளமாக. இதுதான் முக்கியம். பெரிய எழுத்து, குறி, எண் என்று கலந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்று என்று 2003-இல் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.க்காக எழுதிக் கொடுத்தவர் பில் பர். அந்த அறிவுரைக்காக வருந்துவதாக 2017-இல் அவரே சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். அதே 2017-இல் என்.ஐ.எஸ்.டி.யும் அந்த விதியைக் கைவிட்டது. கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் மாற்றுங்கள், மற்றபடி நீளமாக வையுங்கள் என்றது.

ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்காப்புளி, மாடிப்படி, தவளை, கரண்ட் பில், நீலம். இதை ஆங்கில எழுத்தில் நீங்கள் வழக்கமாக எழுதுகிற மாதிரி சேர்த்துத் தட்டினால் முப்பது எழுத்துக்கு மேல் வரும். கண்ணை மூடினால் படமாக நிற்கும், மறக்காது. நான் இங்கே எழுதியதை எடுக்காதீர்கள், இது அச்சாகிவிட்டது. குறள் வேண்டாம், பாட்டு வரி வேண்டாம், பழமொழி வேண்டாம். ஊருக்கே தெரிந்தது ரகசியமாகாது.

இத்தனை கணக்குக்கும் எப்படி ஞாபகம் வைப்பது? பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டு காப்பகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அது கைவரவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். எழுதிவைக்கலாமா என்று கேட்காதீர்கள், எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையரே சொல்லியிருக்கிறார். ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும் பூட்டாத இடத்தில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைப்பது, கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பது, இரண்டும் ஆபத்து. உங்கள் போன் எத்தனை பேர் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும் உங்கள் போனில் வருகிற எண் இல்லாமல் உள்ளே வர முடியாது. அந்தப் பெண்ணுக்கு இது மட்டும் இருந்திருந்தால் அந்த 1.40 மணி மெயில் போயிருக்காது.

நண்பனின் அட்டெண்டன்ஸைப் பார்க்கிறேன், விளையாட்டுக்கு அவள் மெயிலைத் திறந்தேன் என்கிற பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் ஒரு தாயாகச் சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு. ஏமாற்றும் எண்ணத்தோடு அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘சும்மாதான் பார்த்தேன்’ என்பதை விசாரிக்கிறவர் நம்ப வேண்டும், அதற்குள் ஸ்டேஷனும் வக்கீலும் ஆகிவிடும். அந்த ‘இரண்டு பெஞ்ச் தள்ளி’ பிள்ளைக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். டிபார்ட்மென்ட் வாசலில் அவள் நின்ற கோலத்தை எனக்குச் சொன்னவர்கள் சொல்லும்போதே அழுதார்கள்.

கணக்கு கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மெயில் பாஸ்வேர்டு. அடுத்து ‘எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான். அடுத்து ஃபார்வேர்டிங், ஃபில்டர், மீட்பு நம்பர் மூன்றையும் திறந்து பாருங்கள். எதையும் அழிக்கும் முன் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கல்லூரிக்கு எழுத்துமூலம் கொடுங்கள், வாயால் சொன்னது பதிவாகாது. பணம் போயிருந்தால் உடனே 1930. மற்றதற்குத் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

அம்மா அப்பாக்களுக்கு ஒன்று. அந்தப் பெண் பதினொரு நாள் வீட்டில் சொல்லவே இல்லை. சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். “பரீட்சை டென்ஷன்” என்றிருக்கிறாள். அப்பா திட்டுவார், போனைப் பிடுங்குவார், ‘யாருக்குக் கொடுத்தே?’ என்று கேட்பார் என்று பயம். அந்தப் பதினொரு நாளும் அவளுடைய மெயிலெல்லாம் வேறு ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். அதற்குள் கம்பெனிக்கு அப்பாவோடு போய் நேரில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தாய் இன்னும் என்னிடம் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் பிள்ளை ‘என் அக்கவுன்ட் போச்சும்மா’ என்று வந்து நின்றால் கேள்வியை அப்புறம் கேளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.